நிலாவரையின் அடியில் இருப்பது

யாழ்ப்பாணத்தில் இருந்து பருத்தித்துறை வீதியால் போனோம். கோப்பாயில் வான் நிற்கவில்லை. மாவீரர் துயிலுமில்லம் இருந்த நிலத்தில் இப்போது படைமுகாம். பேச்சை நிறுத்தி எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்தோம். நீர்வேலியில் இறங்கி வாழைப்பழம் வாங்கினோம். புத்தூரில் இருந்து சுன்னாகம் வீதியால் போனால் நிலாவரை.

வீதியோரத்தில் சதுரமாக ஒரு கிணறு. தாகம் தீர்க்க இராமன் அம்பெய்த இடம் என்பது ஐதீகம். அடியே இல்லை என்பது ஊர்ப்பேச்சு. அடி உண்டு என்று எங்கள் வழிகாட்டி விளக்கினார். நிலத்தடிச் சுண்ணாம்புக்கல்லை மழைநீர் நெடுங்காலமாகக் கரைத்துக் குடைய, மேற்பகுதி இடிந்து உண்டான பள்ளம் இது. மேலே நன்னீர்; ஆழத்தில் உவர்நீர்.

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரி மழை கல்வெடிப்புகளால் இறங்கி, பாரம் கூடிய உவர்நீரின் மேல் மிதக்கிறது. எங்கள் வீட்டுக் கிணறுகளிலும் தோட்டக் கிணறுகளிலும் வருவது அந்த நன்னீர்தான். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கும் உவர் மேலேறும். துலா மிதித்த காலத்தில் ஆள் களைத்தால் இறைப்பு நின்றது. மோட்டருக்குக் களைப்பில்லை.

வலிகாமம் வடக்கில் மீளக்குடியேறியவர்கள் இன்னும் காணி துப்புரவாக்கிக் கிணறு இறைக்கிறார்கள். பல ஆண்டுகள் போராடி மீட்ட காணி அது. கிணறு உவராகிப் போனால் அந்தக் காணியில் எதை நட்டு, எதைக் குடித்து இருப்பது? மழை வெள்ளத்தைக் கடலுக்கு விடாமல் குளங்களில் மறிப்பதும், தேவைக்கு மட்டும் இறைப்பதும் எங்கள் கையில்தான் இருக்கின்றன.