மார்கழியில் கொல்லைப்பக்கம் வாருங்கள்!

மார்கழியில் கோலத்து நடுவே வைக்கப் பூசணிப்பூ பறிக்கிறோம் இல்லையா? ஆண் பூவாகப் பார்த்துப் பறியுங்கள். பூவுக்கு அடியில் குட்டிப் பிஞ்சு இருந்தால் அது பெண் பூ. விட்டுவிட்டால் பொங்கலுக்குள் குழம்புக்குக் காய் ஆகும். பறித்த கையோடு அவரைப் பந்தலையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள், தோழிகளே. ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்து, இலையெல்லாம் பனி சொட்ட நிற்கிற அழகு வேறு எந்த மாசத்திலும் கிடையாது.

ஆனால் பல வீடுகளில் அந்தப் பந்தல் மார்கழி வரை பிழைப்பதே இல்லை. ஆடியில் போட்ட விதை ஐப்பசி வரை இலையும் கொடியுமாகவே படரும். பூ ஒன்று தென்படாது. உடனே வீட்டில் யாராவது, "மலட்டுக் கொடி, அறுத்துப் போடு" என்பார்கள். (செடியைச் சொன்னாலும் அந்த வார்த்தை எனக்கு ஆகாது.) எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தது. "தை பிறக்கட்டும், அப்புறம் பேசலாம்" என்று அரிவாளை எடுத்து ஒளித்து வைத்தேன்!

விஷயம் இதுதான். நாட்டுப் பந்தல் அவரை, பகல் சுருங்கினால்தான் பூக்கும். நம் பக்கம் டிசம்பர் பகல், ஜூன் பகலைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைவு. நமக்கு அது தெரிவதில்லை, கொடிக்குத் தெரிகிறது. எத்தனை உரம் போட்டாலும் அதற்கு முன்னால் பூக்காது. அதிகம் போட்டால் இலைதான் இன்னும் மண்டும். அவசரக்காரர்களுக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் குத்து அவரை ரகங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு இந்தக் கணக்கு இல்லை. ருசி என்னவோ பந்தல் அவரைதான், என் நாக்குக்கு!

பூ வந்ததும் கறுப்பு அசுவினியும் கொத்துக் கொத்தாக வந்து அப்பிக்கொள்ளும். காலையில் பனி ஈரம் காய்வதற்குள் சலித்த சாம்பலைத் தூவுங்கள், ஒட்டிக்கொள்ளும். கேஸ் அடுப்பு வீட்டில் சாம்பலுக்கு எங்கே போக என்கிறீர்களா? கரிப்பெட்டி வைத்துத் தேய்க்கிற இஸ்திரிக்காரரிடம் கேளுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் வேப்ப எண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளிக்கலாம். சிவப்புப் பொறிவண்டு தென்பட்டால் மட்டும் எதுவும் தெளிக்காதீர்கள். அசுவினியைத் தின்னத்தான் அது வந்திருக்கிறது.

கொத்தமல்லி போடவும் இதுதான் காலம். வெயில் காலத்தில் சட்டென்று பூத்துவிடும். தனியாவை இரண்டாக உடையும்படி லேசாகத் தேய்த்து விதைத்து, பத்து நாள் பொறுத்திருங்கள். வெந்தயம் நாலே நாளில் தலைகாட்டிவிடும். இரண்டுக்கும் தண்ணீர் காலையில் விட்டால் போதும். ராத்திரி ஈரம் நின்றால் அழுகல் வரும்.

அவரை பறிக்கும்போது கொத்தோடு ஒடிக்காமல் காயை மட்டும் கிள்ளுங்கள். நுனியில் இன்னும் மொட்டு இருக்கும். நல்ல கொத்தாக நாலைந்தை நெற்றாக விட்டு, மாசியில் எடுத்துக் காயவைத்துச் சாம்பலில் புரட்டி வையுங்கள். அடுத்த ஆடிக்கு விதை ஆச்சு.

– ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்