வாரத்திற்கொரு முறை உண்ணும் மருந்து

மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள ஒரு வீட்டில், விடியற்காலையில் அடுப்பு மூட்ட எழும் தாய் ஒருத்தியை நேயர்கள் மனக்கண்முன் கொண்டுவருவார்களாக. தேங்காய்ப் பாதியைப் பற்ற அவள் விரல்கள் மடங்கவில்லை. துவைத்த சேலையைப் பிழிய மணிக்கட்டு இடந்தரவில்லை. வெயில் ஏறி ஒன்பது மணியானபின்னரே கைகள் ஓரளவு இளகுகின்றன. வீக்கம் ஒரு கையில் மட்டுமன்று. இரு கைகளிலும் அதே விரல்களின் மூட்டுகள் வீங்கியிருக்கின்றன. வாடைக்காற்றின் குளிர் என்கிறாள் மாமி. இறால் உரித்த ஈரம் என்கிறாள் அயல்வீட்டுக்காரி. எண்ணெய் பூசிப் பூசி மூன்று மாதங்கள் கழிகின்றன. பின்னர் ஒரு நாள் படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து நகரத்து வைத்தியசாலைக்கு வருகிறாள். 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் கொக்கட்டிச்சோலைப் பகுதியாருக்கு இப்பயணம் பெரிதும் இலகுவாயிற்று. அதற்கு முன்னர் படகுப் பாதைக்குக் காத்து நிற்றல் வேண்டும். இரத்தப் பரிசோதனைகள் முடிந்தபின் வைத்தியர் நோயின் பெயரைக் கூறுகிறார்: முடக்குவாதம்.

வயதானோர்க்கு முழங்கால் தேய்ந்து வரும் நோவு வேறு, இது வேறு. நோய்க்கிருமிகளை எதிர்த்துப் போராடவேண்டிய உடலின் காவற்படை, மூட்டின் உட்புறத்தைப் போர்த்திருக்கும் மெல்லிய சவ்வைப் பகையெனக் கருதித் தாக்குவதே முடக்குவாதமாகும். சவ்வு தடித்து வீங்கி, நாளடைவில் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது. பெண்களை இது ஆண்களிலும் இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பற்றுகிறது. காலை விறைப்பு ஒரு மணி நேரமளவு நீடித்தல் இதன் முக்கிய அடையாளம். 2006ஆம் ஆண்டின் இறுதியில் மட்டக்களப்பு, கல்முனைப் பகுதிகளிற் பரவிய சிக்குன்குன்யாக் காய்ச்சலை அனுபவித்தோர், அதன்பின் மாதக்கணக்கில் மூட்டுகள் வீங்கி நொந்ததை மறந்திருக்கமாட்டார்கள். பார்வைக்கு இரண்டும் ஒத்திருப்பினும், நுளம்பு தந்த அந்நோவு பெரும்பாலோர்க்குத் தானே தணிந்தது. முடக்குவாதம் அவ்வாறு தணிவது அரிது. எலும்பின் அரிப்பு நோய் தொடங்கிய முதலிரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே நிகழ்ந்துவிடக்கூடும். அரிக்கப்பட்டதை எந்த மருந்தாலும் மீட்க இயலாது. வைத்தியர்கள் அவசரப்படுவதற்குக் காரணம் இதுவே.

அத்தாயின் கையிற் கொடுக்கப்படும் பொதியில் பெரும்பாலும் இரண்டு வகைக் குளிகைகள் இருக்கும். ஒன்று மெதோற்றெக்சேற், மற்றையது போலிக்கமிலம். இவ்விரண்டின் வரலாறும் நம் பக்கத்து மண்ணோடு தொடர்புடையது. 1928ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் வைத்தியர் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளப் பெண்களைக் கருவுற்ற காலத்தில் வருத்திய இரத்தச்சோகையை ஆராய்ந்தார். நம் வீடுகளில் பாணுக்குப் பூசும் அந்தக் கரிய மார்மைற்றே அச்சோகையைத் தீர்த்தது. அதனுள் மறைந்திருந்த சத்தே பிற்காலத்தில் போலிக்கமிலம் எனப் பெயர் பெற்றது. சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று 1923இல் அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகத சுப்பராவ் என்ற ஆந்திர நாட்டறிஞரின் குழுவினர் அதனை ஆய்வுகூடத்தில் ஆக்கினர். அதே குழுவினர் அச்சத்தின் உருவத்தைப் போன்றே தோன்றி அதன் வேலையைத் தடுக்கும் எதிர்ப்பொருள்களையும் படைத்தனர். 1948இல் சிட்னி பாபர் என்பார் அவற்றுள் ஒன்றைக் கொண்டு சிறுவர்களின் இரத்தப் புற்றுநோயைச் சிறிது காலம் தணித்துக் காட்டினார். அந்தக் குடும்பத்துப் பிள்ளையே மெதோற்றெக்சேற். 1951ஆம் ஆண்டிலேயே இவ்வகை மருந்து முடக்குவாதத்தில் பரீட்சிக்கப்பட்டதாயினும், அமெரிக்க அரசாங்கம் 1988இல்தான் இந்நோய்க்கென மெதோற்றெக்சேற்றை அங்கீகரித்தது.

புற்றுநோய் மருந்து என்னும் சொல் வாவியின் இரு கரையிலும் பலரை நடுங்கவைக்கிறது. கடுதாசியில் அப்படி எழுதியிருந்ததாம் என்று எவரோ கூற, பொதி அலுமாரிக்குள்ளேயே கிடந்துவிடுகிறது. முடக்குவாதத்திற்குக் கொடுக்கும் அளவு அதற்கு மிகக் குறைவானது. வாரத்திற்கு ஏழரை முதல் பதினைந்து மில்லிகிராம் வரையில் தொடங்கி, தேவைக்கேற்ப வைத்தியர் கூட்டுவார். எதிர்ப்பொருளோடு போலிக்கமிலத்தையும் உண்பது முரண்போலத் தோன்றலாம். வாய்ப்புண், குமட்டல் முதலிய தொல்லைகளை அது குறைக்கிறது. நோயைத் தணிக்கும் வலிமையையோ பெரிதாகக் கெடுப்பதில்லை. ஆகவே மெதோற்றெக்சேற் உண்ணாத வேறு நாளில் அதனை உண்ணுமாறு பணிக்கிறார்கள்.

இனி உயிர்க்கு நேரான செய்தி. மெதோற்றெக்சேற் வாரத்தில் ஒரேயொரு நாள் உண்ணும் மருந்து. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் தினந்தோறும் குளிகை விழுங்கிப் பழகிய நம்மவர், பழக்கத்தினால் இதனையும் தினமும் உண்டுவிடக்கூடும். உலகின் பல நாடுகளில் இத்தவறினால் எலும்பு மச்சை செயலற்று உயிரிழந்தோர் உண்டு. குளிகைகளிரண்டும் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தவை என்பது மேலும் ஒரு பொல்லாப்பு. மெதோற்றெக்சேற் குளிகையோ 2.5, 10 மில்லிகிராம் என வெவ்வேறு அளவுகளிலும் கிடைக்கிறது; எனவே எண்ணிக்கையை மட்டும் மனப்பாடஞ் செய்தல் போதாது. நாளைத் தெரிந்து, அதன் பெயரைப் பொதியின்மேல் தமிழில் எழுதுவித்தல் வேண்டும். கண் மங்கிய முதியவர்க்கு வீட்டுப் பிள்ளையொன்று அந்நாளில் எடுத்துக் கொடுப்பது நன்று. ஒரு வாரம் மறந்துபோனால் அடுத்த வாரம் இரட்டிப்பாக உண்ணலாகாது.

மருந்தைத் தொடங்குமுன் இரத்த அணுக்கள், ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றின் நிலையைச் சோதித்து, நெஞ்சுப் படமும் எடுப்பர். பின்னரும் குறித்த கால இடைவெளியில் இரத்தம் கொடுக்க அழைப்பர். முதற் சில மாதங்களில் இது அடிக்கடி நிகழும். நாற்று நடுகையோ சூடடிப்போ வந்துவிட்டதென்று அத்தவணையைத் தள்ளிவிடுவோர் பலர். ஈரல் கெட்டு வருவது ஆரம்பத்தில் நோவாகத் தெரியாது. பரிசோதனையே அதனைக் காட்டும். கள்ளும் சாராயமும் இம்மருந்தோடு சேர்ந்தால் ஈரலுக்கு இருமடங்குச் சுமை. பரிகாரியாரின் கஷாயம் உண்போர் அதனை மறைக்காமல் வைத்தியருக்குச் சொல்லவேண்டும். ஏசுவாரோ என்று அஞ்சி மறைப்பதே தீங்கு. கருவுற விரும்பும் பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் இதனை உண்ணுதல் ஆகாது. கரு சிதையவும் குழந்தை குறையுடன் பிறக்கவும் கூடும். அவர்களுக்கேற்ற வேறு மருந்துகள் உண்டாகையால், வெட்கத்தை விட்டு முன்னதாகவே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

மாரிகாலத்தில் இங்கு டெங்கும், வயற்சேற்றில் எலிக்காய்ச்சலும் வருவதுண்டு. இம்மருந்து உண்பவருக்குக் காய்ச்சல், தொண்டைப்புண், வறட்டு இருமலுடன் மூச்சுத்திணறல், கண் மஞ்சளாதல், காரணமின்றித் தோல் கன்றுதல் ஆகியவற்றுள் எது தோன்றினும் அவ்வாரக் குளிகையை நிறுத்தி உடனே வைத்தியரைக் காணவேண்டும். வேறொரு நோய்க்கு மருந்து வாங்குமிடத்தும் இதன் பெயரைச் சொல்லவேண்டும்; கோ-றைமொக்சசோல் என்னும் சாதாரண மருந்து இதனோடு சேர்ந்தால் இரத்த அணுக்களைக் கடுமையாகக் குறைத்துவிடும்.

உணவைப் பற்றி ஒரு சொல். முடக்குவாதம் என்றவுடன் இறால், நண்டு, கத்தரிக்காய் யாவும் தட்டிலிருந்து நீக்கப்படுகின்றன. யூரிக்கமிலத்தால் வரும் வேறொரு மூட்டுநோய்க்குரிய பத்தியத்தை இதற்கும் ஏற்றிவிடுகிறார்கள் போலும். வாவி தரும் மீனை இதற்காக விலக்கவேண்டிய அவசியம் இல்லை. விலக்கவேண்டியது சுருட்டும் பீடியும் சிகரெட்டும். புகைத்தல் நோயை வளர்ப்பதோடு மருந்தின் பயனையும் குறைக்கிறது.

முதல் மாதம் முடிந்தும் அந்தத் தாயின் கைகள் விடியலில் விறைத்தே இருக்கும். மெதோற்றெக்சேற் தன் வேலையைக் காட்ட ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் செல்லும். மருந்து பயனில்லை என்று கைவிடுவோர் இக்காலத்திலேயே கைவிடுகிறார்கள். இவ்விடைவெளியைக் கடத்த வைத்தியர் சிலவேளை பிரட்னிசொலோனைச் சிறிது காலத்திற்குக் கொடுப்பார். அதன் இனத்தைச் சேர்ந்த கோட்டிசோனை 1948இல் பிலிப் ஹெஞ்ச் என்பார் முடக்குவாத நோயாளிக்குக் கொடுத்தபோது, சில நாட்களில் அவர் நடமாடத் தொடங்கியது கண்டு உலகமே வியந்தது. நீண்ட காலம் உண்டால் எலும்பு மெலிதலும் நீரிழிவும் வரும் என்பது பின்னர் தெரிந்தது. அந்தக் குளிகை ஒரே நாளில் சுகம் தருவதால், மெதோற்றெக்சேற்றை விட்டுவிட்டு அதனையே கடையில் தொடர்ந்து வாங்கி உண்போரும் உளர். அது நோவை மறைக்கும் அளவிற்கு மூட்டைக் காப்பதில்லை. வாரக் கணக்கில் உண்டபின் திடீரென நிறுத்துவதும் ஆபத்தானது. மூன்றாம் மாதத்துத் தவணையில் வைத்தியர் மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, அளவைக் கூட்டுவதா, சல்பாசலசீன், ஹைட்ரொக்சிகுளோரோகுயின் போன்ற வேறு மருந்தைச் சேர்ப்பதா என்று தீர்மானிப்பார். அன்று அவள் கிளினிக் கொப்பியோடு, காலையில் கை இளக எத்தனை நிமிடம் செல்கிறது என்ற கணக்கையும் கொண்டுசெல்வாளாயின், அவருக்கு அது பேருதவியாகும்.