அக்காவின் மஜ்ஜை, தம்பியின் ரத்தம்

பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி பொதுவாக ஓரிரு வாரத்தில் காய்ந்து விழுந்துவிடும். ஒரு மாதமாகியும் விழாமல், அடியில் சிவந்து புண்ணாகி, ஆனால் துளிச் சீழ்கூட இல்லாமல் ஒரு குழந்தை வருகிறது. ரத்தத்திலோ வெள்ளையணுக்கள் எக்கச்சக்கம். விவரமறிந்த மருத்துவர் உடனே 'லாட்' என்ற பரம்பரைக் கோளாறைச் சந்தேகிப்பார்.

வெள்ளையணுக்கள் ரத்தக்குழாயின் சுவரில் ஒட்டி நின்று, பிறகு அதற்குள் நுழைந்து வெளியேறித்தான் கிருமி இருக்கும் இடத்துக்குப் போக முடியும். ஒட்டுவதற்கான புரதம் இக்குழந்தைகளிடம் இல்லை. அணுக்கள் ரத்தத்திலேயே சுற்றிவர, புண் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. சீழில் பெரும்பகுதி இறந்த வெள்ளையணுக்கள்தானே. அவை வந்து சேராத இடத்தில் சீழ் எப்படிப் பிடிக்கும்?

இந்த நோய்க் குடும்பத்தில் வேறு சிலவும் உண்டு. 'சி.ஜி.டி.' உள்ள குழந்தையின் அணுக்கள் கிருமியை விழுங்கும், ஆனால் கொல்லத் தெரியாது. 'ஸ்கிட்' நோயில், கிருமிகளை எதிர்த்து நிற்கும் டி செல்கள் உருவாவதே இல்லை. மருந்துகளால் தொற்றைத் தள்ளிப்போட முடியுமே தவிர, கோளாறை மாற்ற முடியாது. அது அணுக்களைப் பிறப்பிக்கும் மஜ்ஜையின் ஸ்டெம் செல்லிலேயே இருக்கிறது. அந்த ஸ்டெம் செல்லையே மாற்றினால்?

அமெரிக்காவின் மினியாபொலிஸில் 1968-ல் ராபர்ட் குட் என்ற மருத்துவர் அதைத்தான் செய்தார். ஆண் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோன ஒரு குடும்பம். அதில் பிறந்த கைக்குழந்தைக்கு அவனுடைய அக்காவின் மஜ்ஜையைச் செலுத்தினார். இடையில் சிக்கல் வந்து, இரண்டாம் முறையும் கொடுக்க வேண்டியிருந்தது. பையன் பிழைத்தான், வளர்ந்து பெரியவனானான். அவனுடைய ரத்த வகையே அக்காவின் வகையாக மாறிவிட்டது.

இன்று கொடையாளருக்கு மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை ஊசியால் எடுக்கிறார்கள். அதற்கு முன்பே, குழந்தையின் பழைய மஜ்ஜையைக் கீமோ மருந்தால் ஒழித்து இடம் காலிசெய்திருப்பார்கள். ஸ்கிட் குழந்தைகளில் சிலருக்கு அதுவும் தேவைப்படாது. பிறகு நடப்பது, பார்ப்பதற்கு ரத்தம் ஏற்றுவது போலத்தான் இருக்கும். நரம்பில் ஏறிய ஸ்டெம் செல்கள் தாமாகவே மஜ்ஜைக்கு வழி கண்டுபிடித்துக் குடியேறுகின்றன. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத இடம் இது. புதிய அணுக்கள் தலைகாட்ட இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். அதுவரை வடிகட்டிய காற்றுள்ள தனியறையில், பெற்றோருக்கு ஒவ்வொரு காலையும் ரத்த எண்ணிக்கைக்கான காத்திருப்பு.

வந்து குடியேறிய அணுக்கள் குழந்தையின் தோலையும் குடலையும் ஈரலையும் அந்நியமாகக் கருதித் தாக்கும் ஆபத்தும் உண்டு. அதனால்தான் ஹெச்.எல்.ஏ. எனும் திசுப் பொருத்தம் பார்க்கிறார்கள். உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்த நாலில் ஒரு பங்கே வாய்ப்பு. இல்லாவிட்டால், சென்னையில் இயங்கும் 'தாத்ரி' போன்ற கொடையாளர் பதிவேடுகளில் தேடலாம்; பாதி பொருந்தும் அப்பாவோ அம்மாவோகூடக் கொடுக்கலாம். வேலூர் சி.எம்.சி.யில் மஜ்ஜை மாற்று சிகிச்சை 1986-லேயே தொடங்கிவிட்டது.

ஆகவே தடை சிகிச்சையில் இல்லை, காலத்தில் இருக்கிறது. 2000 முதல் 2009 வரை வட அமெரிக்காவில் சிகிச்சை பெற்ற ஸ்கிட் குழந்தைகளைப் பற்றிய ஆய்வில், மூன்றரை மாதத்துக்குள் மாற்று சிகிச்சை பெற்றவர்களில் 94 சதவீதத்தினர் ஐந்தாண்டுக்குப் பிறகும் உயிரோடிருந்தார்கள். தொற்று தீராமல் வந்தவர்களில் இந்த அளவு வெகுவாகக் குறைந்தது. நம் ஊரில் பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. நல்ல தடுப்பூசிதான், ஆனால் அதிலிருப்பது உயிருள்ள கிருமி. ஸ்கிட் குழந்தையின் உடலில் அதுவே பரவி நோயாகிவிடும். வீட்டில் ஏற்கெனவே கைக்குழந்தை தொற்றால் இறந்திருந்தாலோ, தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்தில் கல்யாணம் நடந்திருந்தாலோ, ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஸ்கிட்டின் முதல் தடயம் பெரும்பாலும் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே இருக்கும். கைக்குழந்தைக்கு லிம்போசைட் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 3,000-க்குக் கீழே இருந்தால் யோசிக்க வேண்டும். 1,500 என்பது பெரியவர்களுக்கு இயல்பு. ரிப்போர்ட்டில் பெரியவர்களுக்கான அளவு அச்சாகியிருந்தால், ஆபத்தான அந்த எண் சரியானதாகவே தெரியும். குழந்தையின் வயதுக்கு உரிய அளவு எது என்று கேட்டுப் பாருங்கள்.