படத்தொகுப்பும் சிக்கனமும்

சில திங்களுக்கு முன் என் பழைய மாணவன் ஒருவன் என் இல்லத்திற்கு வந்தான். கல்லூரி விழாவிற்காக அவனும் அவன் தோழர்களும் ஒரு குறும்படம் எடுத்திருந்தார்கள். "ஐயா, என் கணினியில் காட்சி தத்தித் தத்தி ஓடுகிறது; எடிட்டிங் செய்ய முடியவில்லை. விலையுயர்ந்த மென்பொருள் ஒன்றுக்கு மாறலாம் என்றிருக்கிறேன். அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா?" என்று கேட்டான். "சீட்டுப் பணம் அப்படியே இருக்கட்டும். முதலில் கணினியை எடுத்துக்கொண்டு வா, தம்பி" என்றேன். அன்று அவனுக்குக் கூறியவற்றையே இன்று உங்களுக்கும் கூற விரும்புகின்றேன்.

படத்தொகுப்பு மென்பொருள் உண்மையில் என்ன செய்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். முற்காலத்தில் தொகுப்பாளர் படச்சுருளைக் கையிலெடுத்து, வேண்டிய இடத்தில் வெட்டி, வேண்டிய துண்டோடு ஒட்டினார். இன்றைய மென்பொருளோ நாம் எடுத்த படத்தைத் தொடுவதே இல்லை. "மூன்றாம் கோப்பில் பத்தாம் நொடி முதல் பதினான்காம் நொடி வரை, அதன் பின் ஏழாம் கோப்பில் முதல் ஐந்து நொடி" என்று ஒரு குறிப்பை மட்டுமே எழுதி வைத்துக்கொள்கின்றது. நாம் 'ப்ராஜெக்ட்' என்று சேமிப்பது பெரும்பாலும் இந்தக் குறிப்பைத்தான். அதனை மட்டும் பென் டிரைவில் எடுத்துச் சென்று வேறு கணினியில் திறந்தால், "கோப்புகளைக் காணவில்லை" என்ற எச்சரிக்கைதான் திரையில் தோன்றும். சமையற் குறிப்பை எடுத்துக்கொண்டு, அரிசியையும் பருப்பையும் வீட்டிலேயே விட்டு வந்தவன் நிலைதான் அது.

இனி, காட்சி ஏன் தத்துகின்றது? ஒரு மளிகைக் கடைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் மாதத்தின் முதல் நாள் கடையின் முழு இருப்பையும் ஏட்டில் எழுதுகின்றார். பின்பு ஒவ்வொரு நாளும் வந்ததையும் போனதையும் மட்டுமே குறிக்கின்றார். ஏடு சிறியதாகிவிடும், எனினும் பதினேழாம் தேதியின் இருப்பை அறிய வேண்டுமானால், முதல் தேதியிலிருந்து கூட்டிக் கழித்து வருதல் வேண்டும். கைப்பேசியும் பெரும்பாலான சிறு கேமராக்களும் படத்தை இவ்வாறே பதிகின்றன. சில சட்டங்கள் முழுமையாக இருக்கும். மற்றவற்றில் மாறுதல் மட்டுமே இருக்கும். நேராக ஓட்டிப் பார்க்கும்போது இதனால் பெருந்தொல்லை இல்லை. ஆனால் தொகுப்பவர் முன்னும் பின்னும் தாவுகின்றார். ஒவ்வொரு தாவலிலும் கணினி பழைய கணக்கையெல்லாம் மீண்டும் போட வேண்டியிருக்கின்றது.

படத்தின் அளவும் இச்சுமையைக் கூட்டுகின்றது. '4கே' எனப்படும் படத்தில் குறுக்கே 3,840 புள்ளிகள், நெடுக்கே 2,160 புள்ளிகள். பெருக்கினால் ஒரு சட்டத்திற்கு 82,94,400 புள்ளிகள். இதையே 960க்கு 540 என்று சுருக்கினால் 5,18,400 புள்ளிகள்தாம். அதாவது பதினாறில் ஒரு பங்கு. ஆகவே, மூலப்படத்தின் சிறிய பிரதி ஒன்றை, ஒவ்வொரு சட்டமும் முழுமையாக இருக்கும் வகையில், செய்துகொள்ளலாம். வெட்டும் வேலையையெல்லாம் அப்பிரதியில் செய்து, இறுதியில் மட்டும் மூலத்தைக் கொண்டு படத்தை ஆக்கலாம். இப்பிரதியைத்தான் 'ப்ராக்ஸி' என்கின்றனர். என் மாணவனுடைய கணினியில் ஏற்கெனவே இருந்த மென்பொருளிலேயே இவ்வசதி இருந்தது. ஓர் இரவு கணினியைப் பிரதி எடுக்க விட்டுவைத்தோம். மறுநாள் காலையில் காட்சி தடையின்றி ஓடியது. புதிய மென்பொருளை வாங்கியிருந்தால், பழைய கணினிக்கு அதன் சுமையும் சேர்ந்து, தத்தல் மிகுந்திருக்கவும் கூடும்.

அங்ஙனமாயின் மென்பொருளை மாற்றவே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டிய காலத்தில் மாற்றத்தான் வேண்டும். ஆனால் விலை செலுத்தும் முறைகளை அறிந்து மாற்றுதல் நன்று. திங்கள்தோறும் கட்டணம் செலுத்துவது ஒரு முறை; அடோபி நிறுவனம் 2013-இல் தன் மென்பொருள்களை இம்முறைக்குக் கொண்டுவந்தது. கட்டணம் நின்றால் கருவியும் நின்றுவிடும். ஒரே முறை விலை கொடுத்துப் பெறுவது இரண்டாம் முறை. விலையின்றிப் பெறுவது மூன்றாம் முறை. டாவின்சி ரிசால்வ் என்பது முதலில் திரைப்படங்களுக்கு நிறம் திருத்தும் கருவியாக இருந்தது. ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் அதனை 2009-இல் தனதாக்கிக்கொண்டு, பின்னர் விலையில்லாப் பதிப்பையும் வெளியிட்டது. மாணவர் குறும்படத்திற்கு அப்பதிப்பே போதுமானது; ஆனால் அது நல்ல கிராஃபிக்ஸ் கார்டை எதிர்பார்க்கும். எளிய கணினி உடையவர்களுக்குக் கேடென்லைவ், ஷாட்கட் போன்ற திறந்தமூல மென்பொருள்கள் உள்ளன. அவற்றிற்கும் விலை இல்லை.

புதிய கருவி இருந்தால்தான் சிறந்த படம் அமையும் என்று எண்ணுவோர்க்கு ஒரு செய்தி கூறுவேன். 2020-இல் சிறந்த படத்திற்கான ஆஸ்கார் விருது பெற்ற 'பாரசைட்' என்ற கொரியப் படம், ஃபைனல் கட் ப்ரோ 7 என்ற மென்பொருளில் தொகுக்கப்பட்டது. அப்பதிப்பின் விற்பனை 2011-ஆம் ஆண்டோடு முடிந்துவிட்ட ஒன்று. அதன் தொகுப்பாளர் தமக்குப் பழகிய கருவியை விட்டுவிடவில்லை.

அதே 2011-இல்தான் ஆப்பிள் நிறுவனம் அம்மென்பொருளின் அடுத்த தலைமுறையை வெளியிட்டது. பழைய பதிப்பில் செய்த வேலைகளை அது நேரே திறக்கவில்லை. தொழில்முறைத் தொகுப்பாளர் பலர் மனம் கசந்தனர். இக்கசப்பை வேறொரு வகையில் நானும் சுவைத்தவன். என் தாயார் தம் இளமைக் காலத்தைப் பற்றிப் பேசியவற்றைப் பல நாட்கள் பதிவு செய்தேன். மாலைதோறும் அவர் என் அருகில் அமர்ந்து, "இதை வை, அதை எடுத்துவிடு, அந்த மனுஷி பேரைச் சொல்ல வேண்டாம்" என்று கூறக் கூற, நான் தொகுத்தேன். வேலை முடியுமுன் திங்கட் கட்டணம் மிகையெனத் தோன்றியதால் அதனை நிறுத்திவிட்டு, வேறு மென்பொருளுக்கு மாறினேன். புதியது பழைய ப்ராஜெக்டைத் திறக்கவில்லை. பழையதோ கட்டணமின்றித் திறக்க மறுத்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். நான் மீண்டும் அமர்ந்தபோது என் தாயார் இல்லை; அந்தக் கட்டணப் பதிவும் அதன் கோப்புகளும் என் கையில் எஞ்சவில்லை. மூலப்பதிவுகள் அனைத்தும் இருந்தன. ஆனால் எதை வைக்கலாம், எதை எடுக்கலாம் என்று அவர் செய்த தீர்ப்பு மட்டும் இல்லை. ஒரு வாரக் கட்டணத்தை எண்ணி அதனை இழந்தேன்.

ஆதலால், மாறுவதற்கு முன் நான்கு செயல்களை மறவாமல் செய்யுங்கள். முதலாவது, ஒரு வேலைக்கு நடுவில் மென்பொருளை மாற்றவோ, புதிய பதிப்புக்கு உயர்த்தவோ வேண்டாம். புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு பெரும்பாலும் திறக்காது. இரண்டாவது, முடிந்த படத்தை உயர்ந்த தரத்தில் ஒரு முழுக் கோப்பாக எடுத்து வையுங்கள். மூன்றாவது, தொகுப்புக் குறிப்பைப் பொதுவான வடிவில் வெளியே எடுங்கள். 1970-களில் சிஎம்எக்ஸ் நிறுவனத்தின் கருவிகளோடு பரவிய 'இடிஎல்' என்ற பட்டியல் முறையைப் பல மென்பொருள்கள் இன்றும் படிக்கின்றன. 'எக்ஸ்எம்எல்' என்ற வடிவும் உண்டு. வெட்டுக்கள் இவற்றின் வழியே செல்லும். எழுத்துக்களும் நிறத்திருத்தமும் பெரும்பாலும் செல்லா. நான்காவது, புதிய மென்பொருளில் ஒரு நிமிடப் படத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்து பார்த்த பின்னரே பழையதை விடுங்கள்.

பணம் செலவிடத்தான் வேண்டுமென்றால், மூலங்களைக் காக்கச் செலவிடுங்கள். நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதியும் கேமராவில் ஒரு மணி நேரப் படம் 45 கிகாபைட் இடம் கொள்ளும். ஒரே வட்டில் அதனை வைத்திருப்பவன், வட்டு பழுதுற்ற நாளில் அனைத்தையும் இழப்பான். என் மாணவன் சீட்டுப் பணத்தில் ஒரு சிறு பகுதியை மட்டும் பெற்று, இரண்டாவது ஹார்டு டிஸ்க் ஒன்றை வாங்கினான். எஞ்சியது அவன் தாயாரிடமே இருக்கின்றது. படம் விழாவிற்கு முதல் நாள் முடிந்தது. அதன் தொகுப்புப் பட்டியலைத் தாளிலும் அச்சிட்டு எனக்கு ஒரு பிரதி கொண்டுவந்து கொடுத்தான். அதனை என் மேசையில் பத்திரமாக வைத்திருக்கின்றேன்.