உங்களுக்குத் தெரியுமா? – குதிரை துள்ளுது, காளையைக் காணோம்!

வெள்ளிக்கிழமை விடியுமுன் வேப்பூர் போனால் ஆட்டுச் சந்தை. கூட்ரோட்டில் கிழக்கே திரும்பி விருத்தாசலம் போனால், அச்சில் வார்த்து சூளையில் வெந்த பீங்கான் பொம்மைகள். மந்தை ஒரு ஊரில், வார்ப்பு பக்கத்து ஊரில். இந்த இரண்டும் ஒரே பொருளில் சேர்ந்தால் அதற்குக் கோடிகளைக் கொட்ட அமெரிக்காவில் ஆள் இருக்கிறார்கள். வெண்கலத்தில் வார்த்த கௌபாய் சிலைகளைத்தான் சொல்கிறோம். தொப்பி, சாட்டை, துள்ளும் குதிரை, பீடத்தின் ஓரத்தில் ‘7/30’ என்று ஒரு எண். அந்த எண்ணைத் துரத்திக்கொண்டு போனால் நம்மூர் கோயில் வாசல் வரை வந்து நிற்கிறது கதை.

★ கௌபாய் வெண்கலத்தைப் பிரபலமாக்கியவர் ஃபிரடெரிக் ரெமிங்டன் (1861–1909). நியூயார்க் மாநிலத்துக்காரர், பத்திரிகைகளுக்குப் படம் போட்டவர். 1883-இல் கான்சாஸில் ஆட்டுப் பண்ணை வாங்கி நடத்திப் பார்த்தார். ஒத்துவரவில்லை, விற்றுவிட்டுக் கிளம்பிவிட்டார். (நம் சந்தையில் யாரைக் கேட்டிருந்தாலும் முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள்.) 1895-இல் அவர் செய்த முதல் சிலை ‘பிராங்கோ பஸ்டர்’. முன்னங்கால் இரண்டையும் தூக்கி முரண்டு பிடிக்கும் குதிரை, மேலே அதை அடக்கப் பார்க்கும் கௌபாய். நியூயார்க்கில் டிஃபனி நகைக்கடையில் அது விற்பனைக்கு வந்தது.

★ 1898-இல் ஸ்பெயினோடு அமெரிக்கா நடத்திய போரில், பின்னாளில் அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட் ஒரு குதிரைப்படையோடு போனார். போர் முடிந்து கலைந்தபோது வீரர்கள் காசு போட்டு அவருக்கு வாங்கிக் கொடுத்த பரிசு, இதே பிராங்கோ பஸ்டர். இன்னொரு வார்ப்பு வெள்ளை மாளிகையில் இருக்கிறது. அதிபரின் ஓவல் அறைப் படங்களை உற்றுப் பாருங்கள், அடிக்கடி தலைகாட்டும்.

★ ரெமிங்டனின் 1902-ஆம் ஆண்டுச் சிலை ஒன்றில் நான்கு குதிரைகள், நான்கு கௌபாய்கள், எல்லாரும் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்துக் கொண்டாட்டமாக வருகிறார்கள். அதில் ஒரு குதிரைக்கு நான்கு காலும் அந்தரத்தில்! பக்கத்துக் குதிரையோடு உடம்பு ஒட்டியிருப்பதால் விழாமல் நிற்கிறது. வார்ப்படக்காரரை எவ்வளவு படுத்தியிருப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இதன் ஒரு வார்ப்பு 2017-இல் ஏலத்தில் 1 கோடி டாலருக்கும் மேல் போனது.

★ முதலில் அவர் சிலைகளை மணல் அச்சில் வார்த்தார்கள். 1900 வாக்கில் புரூக்ளினில் இருந்த ரோமன் பிரான்ஸ் ஒர்க்ஸ் பட்டறைக்கு மாறினார். அங்கே மெழுகு வார்ப்பு. மூல உருவத்திலிருந்து ஒரு அச்சு எடுப்பார்கள், அந்த அச்சில் மெழுகை ஊற்றி எத்தனை மெழுகு உருவம் வேண்டுமானாலும் எடுப்பார்கள். வெண்கலம் ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு மெழுகிலும் ரெமிங்டன் கைவைப்பார். ஒன்றில் கௌபாயின் கால்சட்டை வழவழப்பாக இருக்கும், இன்னொன்றில் கம்பளி ரோமம் தொங்கும். அதனால் ஒரே பெயரில் உள்ள இரண்டு சிலைகள் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்க வேண்டியதில்லை. சேகரிப்பவர்களுக்குத் தலைவலியும் இதுதான், போதையும் இதுதான்.

★ ரெமிங்டன் காலத்துச் சிலைகளில் எண் உண்டு, எல்லை கிடையாது! வாங்க ஆள் வந்தால் இன்னொன்று வார்த்துவிடுவார்கள். பிராங்கோ பஸ்டர் மட்டும் முறையான அனுமதியோடு இருநூறுக்கும் மேல் வார்க்கப்பட்டது. ‘இத்தனைதான், அதற்குமேல் அச்சை உடைத்துவிடுவேன்’ என்று முன்கூட்டியே சத்தியம் செய்யும் வழக்கம் பின்னாளில்தான் சந்தையில் வேரூன்றியது. ‘7/30’ என்றால் முப்பது வார்ப்பில் ஏழாவது. கலைஞர் தனக்கென்று வைத்துக்கொள்ளும் சில வார்ப்புகள் இந்தக் கணக்கில் சேராது, அவற்றுக்குத் தனிக் குறி. பிரான்சில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். ஒரு சிற்பத்துக்கு 12 வார்ப்பு வரைதான் ‘அசல்’. எண்ணிட்டது 8, கலைஞர் பங்கு 4.

★ சுவாமிமலை ஸ்தபதிகளிடம் ‘இதில் எத்தனையாவது வார்ப்பு?’ என்று கேட்டால் சிரிப்பார்கள். அங்கே ஒன்றில் ஒன்றுதான். காரணம், செய்முறை. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில், தாள அளவுப்படி மடித்த ஓலையை வைத்து அளந்து, முழு உருவத்தையும் கையாலேயே செய்துவிடுகிறார்கள். இடையில் அச்சு என்ற பேச்சே இல்லை. மெழுகின் மேல் காவிரி வண்டலை மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்ததும் அடுத்தது, அதற்குமேல் கனமாக இன்னொன்று, கம்பி கட்டு. சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகம். மெழுகின் எடையைப் போல ஏறத்தாழ எட்டு, ஒன்பது மடங்கு உலோகம் பிடிக்கும். ஆறியதும் மண்ணை உடைத்தால்தான் சாமி வெளியே வரும். மெழுகும் போச்சு, மண்ணும் போச்சு. அடுத்த நடராஜருக்கு மறுபடி முதலிலிருந்து. எண் போடவேண்டிய தேவையே எழாத இந்த ஏற்பாட்டின் முன்னால் ‘7/30’ கொஞ்சம் பாவமாகத்தான் தெரிகிறது.

★ தூக்கிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். கௌபாய் வெண்கலம் உள்ளே கூடு, சில மில்லிமீட்டர் தடிமனில் ஓடு மட்டும்தான். சோழர் காலத்து உற்சவர்கள் உள்ளேயும் கெட்டி. பீடத்தில் ஓட்டைகளும் வளையங்களும் இருப்பது தண்டு செருகிக் கட்டித் தோளில் சுமந்து வீதியுலா போக. கண்ணாடி அலமாரிக்கென்று பிறந்தவை இல்லை அவை.

★ விருத்தாசலத்து முறை மூன்றாவது வகை. களிமண் கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சும். ஓரத்தில் மண் ஆடையாகப் படியும். மிச்சக் கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, இறுகியதும் அச்சைப் பிரித்தால் பொம்மை. அதே அச்சு மறுபடி மறுபடி வேலை செய்யும். ஆனால் வார்க்க வார்க்க அச்சு தேயும், மூக்கும் விரலும் மழுங்கும். கொலுப் பொம்மை வாங்கும்போது முகத்தின் கூர்மையைப் பாருங்கள். புது அச்சில் வந்ததா, ஓய்வுபெற வேண்டிய அச்சில் வந்ததா என்று சொல்லிவிடலாம்.

★ போலியைப் பிடிக்க ஒரு அளவுகோல் போதும்! ரெமிங்டன் 1909-இல் இறந்தார், அவர் மனைவி 1918-இல். இன்று அந்தச் சிலைகளுக்குக் காப்புரிமை இல்லை, யார் வேண்டுமானாலும் வார்க்கலாம். கையெழுத்து உட்பட எல்லாம் நகலிலும் விழும். ஆனால் உருகிய வெண்கலம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு பங்கு சுருங்கும். அசல் சிலை மேல் அச்செடுத்து வார்த்த நகல் அசலைவிடக் கொஞ்சம் குட்டையாகவே வரும். எவ்வளவு பெரிய திருட்டுப் பட்டறையானாலும் இந்தச் சுருக்கத்துக்குத் தப்ப முடியாது. பீங்கானில் சுருக்கம் இன்னும் அதிகம். காய்ந்து வெந்து முடியும்போது பத்துப் பங்குக்கு ஒரு பங்குகூடப் போய்விடும். அதனால் பொம்மை அச்சை முதலிலேயே பெரிதாகச் செய்கிறார்கள்.

★ அமெரிக்காவில் கௌபாய் ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து தொடங்கிய ‘கௌபாய் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா’ சங்கம் பிறந்த இடம் அரிசோனாவின் செடோனா ஊரில் ஒரு மதுக்கடை. ஆண்டு 1965.

★ மாடு திருட்டு, துரத்தல், சண்டை, சாவு. கௌபாய் படம் என்று நினைத்தீர்களா? தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழி எழுத்து நடுகல், கூடல் ஊர் ஆகோளில் இறந்த ஒருவனுக்கானது. ஆகோள் என்பது ஆநிரை கவர்தல். கிறிஸ்து பிறப்பதற்கும் முந்தைய கல் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. அதில் வீரனோடு அவன் நாயும் இருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். திருடர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதாம். கௌபாய்க்குச் சிலை வைத்தவர்கள் அவன் நாயின் பெயரைப் பொறித்தார்களா?

★ மாட்டுக்கார வெண்கலம் நம்மிடமும் உண்டு, அவர் சாமி. மன்னார்குடி ராஜகோபாலன் உற்சவர், கன்றும் பசுவும் சூழ நிற்கும் இடையர் கோலம். தேரழுந்தூர் ஆமருவியப்பனுக்கும் பக்கத்தில் பசு. ஆனால் இந்தக் கட்டுரைக்காரரின் ஓட்டு தஞ்சைக் கலைக்கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டு ரிஷபவாகனருக்குத்தான். 1011-ஆம் ஆண்டு, ராஜராஜன் காலம். 1950களின் தொடக்கத்தில் மண்ணுக்கடியிலிருந்து வெளிவந்தார். தலையில் பாம்புகளைச் சுற்றிய தலைப்பாகை, ஒரு காலை மாற்றிப் போட்ட நிலை, மேய்ச்சல் காட்டில் மாட்டின் மேல் கையை ஊன்றி இளைப்பாறும் தோரணை. கை ஊன்றியபடியே இருக்கிறது, காளையைக் காணோம்! காளை இல்லாமலே அதன் உயரம், திமில் எல்லாம் நமக்குத் தெரிகிறது, அந்த ஒரு முழங்கை மடிப்பால். குதிரையைத் துள்ளவிட்ட ரெமிங்டன் இதைப் பார்த்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார்.

★ சென்னைத் தீவுத்திடல் அருகே குதிரையில் உட்கார்ந்திருக்கும் தாமஸ் மன்றோவின் வெண்கலச் சிலைக்குச் சேணமும் இல்லை, கால் வைக்க அங்கவடியும் இல்லை. லண்டன் சிற்பி சான்ட்ரி செய்தது. 1839-இல் வைத்தார்கள்.

★ கும்பகோணம் அருகே சிவபுரத்தில் 1951-இல் வயலில் கிடைத்த நடராஜரைப் பழுதுபார்க்கக் கொடுத்தார்கள். பழுது முடிந்து கோயிலுக்குத் திரும்பி வந்தது நகல்! அசல் கைமாறிக் கைமாறி அமெரிக்கா போனது. 1965-இல் இதை வெளியே சொன்னவர் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரட். 1973-இல் கலிபோர்னியாவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளை ஏறத்தாழ 9 லட்சம் டாலருக்கு அதை வாங்கியது. வழக்கு, சமரசம், ‘பத்து வருஷம் இங்கே இருக்கட்டும்’ என்ற ஒப்பந்தம் எல்லாம் முடிந்து 1986-இல் நடராஜர் நாடு திரும்பினார். ஒன்றில் ஒன்று என்று பெருமை பேசுகிற மரபிலும் இரண்டாவது பிறக்கும், மனசு வைத்தால்.

★ கனடாவின் கௌபாய் மாநிலமான ஆல்பர்ட்டாவின் எண்ணெய் நிறுவனம் ஒன்று திருவாரூர்ப் பக்கத்துப் பத்தூர் நடராஜரை 1982-இல் வாங்கியது. 1976-இல் கூலித் தொழிலாளி ஒருவர் மண் வெட்டும்போது கிடைத்த சிலை. லண்டனில் சீர்செய்யக் கொடுத்திருந்தபோது போலீஸ் கைப்பற்றியது. வழக்கில் கோயிலின் சிவனும் ஒரு கட்சிக்காரர். சிலையில் ஒட்டியிருந்த மண்ணும் கரையான் தடமும்கூடச் சாட்சியாக வந்தன. 1991-இல் தீர்ப்பும் சிலையும் நம் பக்கம்.

★ நம்ம விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயில் அர்த்தநாரீஸ்வரர் வெண்கலமில்லை, கல். ஆனாலும் சேகரிப்புப் பசி விடவில்லை. கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூர் கையிலிருந்து 2004-இல் சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 3 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குமேல் கொடுத்து வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல பத்தாண்டுகளுக்கு முன் கோயில் கோயிலாகப் போய் எடுத்து வைத்த படங்கள் காட்டிக்கொடுத்தன. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபட், ஸ்ரீபுரந்தான் நடராஜரோடு சேர்த்து இதையும் டெல்லியில் பிரதமர் மோடியிடம் ஒப்படைத்தார். 2022-இல் கும்பகோணம் நீதிமன்றம் உடையார்பாளையம் சிலைத் திருட்டு வழக்கில் கபூருக்கு 10 ஆண்டு சிறை விதித்தது.

★ வெண்கலம் வாங்க வசதி இல்லாத கௌபாய் ரசிகர்களுக்கு நம்மிடம் வேறு சேகரிப்பு. கர்ணன் இயக்கிய ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ இரண்டும் 1972; குதிரையும் ஜெய்சங்கரும். இத்தாலியில் 1948-இல் பிறந்த டெக்ஸ் வில்லர் சிவகாசி லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழ் பேசுகிறார். பழைய இதழ்களுக்கு அலைபவர்களிடம் பேசிப் பாருங்கள், ‘7/30’ ஆசாமிகள் தோற்றார்கள்.

★ சிலை சேர்க்கும் ஆசை உங்களுக்கும் வந்துவிட்டதா? 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 வயது தாண்டிய சிலையை வீட்டில் வைத்திருந்தால் படத்தோடு பதிவு செய்ய வேண்டும். விற்க உரிமம் வேண்டும். தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. புதிதாகச் செய்த சுவாமிமலைச் சிலையானாலும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும்போது, பழம்பொருள் இல்லை என்று தொல்லியல் துறைச் சான்றிதழ் இருந்தால் விமான நிலையத்தில் நிம்மதி. பட்டறையில் பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

★ வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது சிலை கிடைத்தால்? 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். எவ்வளவு மதிப்புள்ள பொருளுக்கு இந்தக் கட்டாயம் என்றால், 10 ரூபாய்க்கு மேல்!