அம்மாயியின் தகரத் துண்டும் பதினொரு சதமும்

"காசு சேர்க்க வழியில்லையாம், பழைய காசு சேர்க்கிறாளாம்!"

நாங்கள் முதன்முதலாகக் கூடியபோது லயத்தில் எழுந்த கேலி இது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மாதச் சம்பளம் கடைக் கடனுக்கே போதாத வீடுகள் எங்களுடையவை. ஆனாலும் ஹட்டன் பக்கத்திலுள்ள எங்கள் தோட்டத்தில், மாதத்தின் கடைசி ஞாயிறு பிற்பகலில், பத்துப் பதினைந்து பெண்களும் பிள்ளைகளும் முன்பள்ளி அறையில் பாய் விரித்து அமர்கிறோம். வீட்டிலுள்ள ஒரு பழைய காசைக் கொண்டுவர வேண்டும். அது யாருடையது, எப்படிக் கிடைத்தது என்று சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அதைக் கொப்பியில் எழுதுவாள். சங்கம் என்று சொல்ல எங்களிடம் இருப்பது அந்தக் கொப்பியும் ஒரு பூதக்கண்ணாடியும்தான்.

இதை நான் தொடங்கியதற்குக் காரணம் ஓர் இழப்பு.

கழுத்தில் தொங்கிய இலக்கம்

என் அம்மாயியின் தகரப் பெட்டியில் துளையிட்ட வட்டத் தகரத் துண்டு ஒன்று கிடந்தது. அவளுடைய தாய் கடல் கடந்து வந்தபோது கழுத்தில் கட்டியிருந்ததாம். அம்மாயி இறந்த பிறகு, பழைய போத்தல் வாங்க வந்தவரிடம் நசுங்கிய செம்புகளோடு அதையும் போட்டு, ஒரு பிளாஸ்டிக் பேசின் வாங்கினேன். பேசின் ஒரு வருடத்தில் உடைந்து போனது.

அது என்னவென்று பின்னர் படித்துத்தான் அறிந்தேன். 1900களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்தபோது, தோட்டத்தின் அடையாளமும் இலக்கமும் பொறித்த தகரச் சீட்டு ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்பட்டது. அதைக் கண்டு அதிகாரிகள் ஆளை உரிய தோட்டத்துக்கு அனுப்பினார்கள். வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. முன்பணமும் செலவும் சேர்ந்து, வந்தவர்கள் பலர் கடனோடுதான் முதல் பெரட்டில் நின்றார்கள். கடனைக் கட்டினால் ஆளை விடுவிப்போம் என்று தோட்டம் எழுதிக் கொடுத்த 'துண்டு' முறையை 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் ஒழித்தது. நான் பேசினுக்குக் கொடுத்தது வெறும் தகரம் அல்ல. எங்கள் குடும்பம் இந்த நாட்டுக்கு வந்ததற்கு இருந்த ஒரே சாட்சி அது.

காசில் எங்கள் எழுத்து

ஒரு கூட்டத்துக்கு எழுபது வயதைத் தாண்டிய அக்கா ஒருவர், முந்தானை முடிச்சில் ஒரு செம்புக் காசு கொண்டுவந்தார். ஒரு பக்கம் விக்டோரியா ராணியின் தலை. மறுபக்கம் தாளிப்பனை மரம், அதன் இருபுறமும் சிங்கள எழுத்தும் தமிழ் எழுத்தும், 1870 என்ற ஆண்டு. அந்த ஆண்டு பொறித்த சதக் காசுகள், ரூபாய்க்கு 100 சதம் என்ற கணக்கு 1872இல் நடைமுறைக்கு வந்தபோது புழக்கத்துக்கு விடப்பட்டவை. பூதக்கண்ணாடி வைத்துத் தமிழ் எழுத்தைக் கண்டதும், "அட, நம்ம எழுத்து!" என்று ஒரு சிறுமி துள்ளினாள்.

அதற்கும் முந்தியவை காப்பிக் காலத்து வில்லைகள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சில்லறைக் காசுக்குத் தட்டுப்பாடு இருந்தது. கொழும்பில் வேகந்த, புதுக்கடைப் பகுதிகளில் காப்பி ஆலை நடத்திய கம்பனிகள், தங்கள் பெயர் பொறித்த செம்பு, பித்தளை வில்லைகளைக் கூலியாகக் கொடுத்தன. இன்று சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி அலைகிறார்கள். எச். டபிள்யூ. கொட்றிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணயங்கள் பற்றிய நூல், இத்துறையில் இன்றும் புரட்டப்படும் நூலாகும்.

பாயில் வைத்த கணக்கு

நான் மறக்காத கூட்டம் ஒன்று உண்டு. 1929இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச நாட்சம்பளம் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். அதைக் காசாகவே வைத்துப் பார்ப்போம் என்றாள் கொப்பி எழுதும் பிள்ளை. ஒரு பக்கம் ஓர் ஐம்பது சதமும் நான்கு ஒரு சதமும். மறுபக்கம் ஒரு இருபத்தைந்து, ஒரு பத்து, ஒரு சதுர ஐந்து, மூன்று ஒரு சதம். கையிலிருந்த காசு போதாமல் சிலவற்றுக்கு அட்டை வெட்டி வைத்தோம்.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். வித்தியாசம் பதினொரு சதம்.

"மலையில ஏறுற கால் எல்லாருக்கும் ஒண்ணுதானே" என்றார் அந்த அக்கா.

தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னரே கிடைத்தது. கணக்குப் பார்த்தால் 55 வருடம். பள்ளிக்கூடப் பாடம் சொல்லாததை அன்று பாயிலிருந்த சில்லறை சொன்னது.

புளி போட்டுத் துலக்க வேண்டாம்

உங்கள் பெட்டியிலும் பழைய காசு இருக்கலாம். எங்கள் அனுபவத்தில் சில வார்த்தைகள்:

காசைப் புளி, சாம்பல், செங்கற்பொடி கொண்டு துலக்காதீர்கள். எழுத்து தேய்ந்துவிடும், மதிப்பும் குறையும். எங்களில் ஒருவர் பூசைச் செம்போடு சேர்த்துத் துலக்கிய காசில் இப்போது ஆண்டே தெரியவில்லை. விளிம்பில் பிடியுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் இட்டு, எங்கள் மலைக் குளிரின் ஈரம் படாத இடத்தில் வையுங்கள். உறையின் மேல் யாருடையது, எங்கே கிடைத்தது என்று எழுதுங்கள்.

வீட்டு வாசலுக்கு வந்து கேட்பவரிடம் உடனே கொடுத்துவிடாதீர்கள். அண்மைக்காலச் சில்லறைக்குப் பெரிய விலை கிடையாது என்பதும் உண்மைதான். ஆனால் எது அரிது என்று தெரிந்தவரிடம் காட்டிய பிறகு முடிவு செய்யுங்கள். மண்ணைக் கிண்டும்போது பழங்காசு கிடைத்தால் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். அது சட்டம்.

கொழும்புக் கோட்டை செத்தம் வீதியில் மத்திய வங்கியின் அருங்காட்சியகம் உண்டு. கம்பளை அருகே பழைய பீக்கொக் தோட்டத்தின் லயக் காம்பிராக்களில், தோட்டத் தொழிலாளரின் வாழ்வைக் காட்டும் அருங்காட்சியகம் 2007இல் அமைக்கப்பட்டது. பிள்ளைகளோடு ஒருமுறை போய் வாருங்கள்.

சகோதரிகளே, எங்கள் கொப்பியின் முதல் பக்கத்தில் ஓர் உறை ஒட்டப்பட்டிருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. மேலே, "அம்மாயியின் தாய் கழுத்தில் கட்டி வந்த தகரச் சீட்டு. பேசினுக்குக் கொடுக்கப்பட்டது" என்று நானே எழுதியிருக்கிறேன். புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் முதலில் அதைத்தான் காட்டுகிறேன். அதைப் பார்த்துவிட்டு வீடு போனவர்களில் மூன்று பேர், மறுமாதம் தங்கள் பாட்டிமாரின் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார்கள்.