வில்லங்கம் பார்க்காமல் டோக்கன் போடாதீர்கள்

"அண்ணா நகரில் 1,800 சதுர அடி, மூன்று படுக்கையறை, கார் நிறுத்தம். இன்றைக்கே டோக்கன் போடலைன்னா நாளைக்கு வேற பார்ட்டி முடிச்சிடுவார் சார்." தரகர் இப்படிச் சொன்னதும் ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு பத்திர நகலோடு வக்கீலிடம் ஓடுகிறவர்கள்தான் அதிகம். படித்தவர்களும் இதையே செய்கிறார்கள். ஆவணங்களைப் பார்த்த பிறகுதான் பணம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில் அந்த 1,800 சதுர அடியைப் பிரித்துக் கேளுங்கள். மாடிப்படி, லிஃப்ட், பொது நடை எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்துச் சொல்லும் கணக்கு அது. வீட்டுக்குள் புழங்கும் இடமான கார்ப்பெட் ஏரியா கணிசமாகக் குறையும். இதைவிட முக்கியம் யுடிஎஸ் எனப்படும் பிரிக்கப்படாத மனைப்பங்கு. இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி மனையில் சம அளவில் எட்டு வீடுகள் என்றால் ஆளுக்கு 600 சதுர அடி வரவேண்டும். பத்திரத்தில் 400 என்றிருந்தால் மீதி யார் பெயரில் இருக்கிறது? பழைய கட்டடத்தை இடித்துக் கட்டும் நாளில் இந்தப் பங்கை வைத்துத்தான் பேச்சே நடக்கும்.

அடுத்தது வில்லங்கச் சான்று. பதிவுத் துறை இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். வாங்கப்போகும் வீட்டுக்கு மட்டும் பார்த்து நிறுத்தாமல், முழு மனையின் சர்வே எண்ணுக்கும் குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் போடுங்கள். இதுவரை விற்ற பங்குகளைக் கூட்டினால் மனை அளவைத் தாண்டுகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். 'உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு' என்று இருந்தால் வங்கிக் கடன் இருக்கிறது அல்லது இருந்திருக்கிறது. "அடைச்சாச்சு" என்ற வாய்ச்சொல் போதாது. ரசீது ஆவணம் பதிவாகி வில்லங்கத்தில் ஏறியிருக்க வேண்டும். பதியாத உயில் வில்லங்கத்தில் வராது. ஆகவே மூலப்பத்திரம் முதல் எல்லாவற்றையும் அசலாகப் பாருங்கள், ஜெராக்ஸை நம்பாதீர்கள்.

அப்பா பெயரில் இருந்த வீட்டை மகன் விற்கிறாரா? உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொத்தில் மனைவி, மகன், மகளோடு அவருடைய தாய்க்கும் சம பங்கு உண்டு. அமெரிக்காவில் இருக்கும் மகளின் கையெழுத்தை 'அப்புறம் வாங்கிக்கலாம்' என்று விட்ட வீடுகள்தான் வழக்கில் கிடக்கின்றன. பவர் வைத்து விற்றால், கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, ரத்து செய்துவிட்டாரா என்று பாருங்கள்.

இத்தனையும் சரியென்றால் ஒப்பந்தம் போடுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவது கட்டாயம். ஆனாலும் செலவுக்குப் பயந்து முத்திரைத்தாளில் எழுதி அலமாரியில் வைக்கிறார்கள். பதிந்தால் அது வில்லங்கத்தில் ஏறும். விற்பவர் இன்னொருவரிடம் எளிதில் கைநீட்ட முடியாது. பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகக் கைமாறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. விலை 50 லட்சத்தை எட்டினால் 1 சதவீத வரியைப் பிடித்துக் கட்டும் பொறுப்பு வாங்குபவருடையது. விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் பிடித்தம் வேறு. ஆடிட்டரைக் கேட்காமல் காசோலை எழுதாதீர்கள்.

"சார்பதிவாளர் பதிஞ்சுட்டாரே, அப்புறம் என்ன?" என்கிறார்கள். அவர் உரிமையை விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவரில்லை. கட்டணம் வாங்கிக்கொள்ளும் அலுவலகம், பின்னால் வழக்கு வந்தால் உங்களைக் காப்பாற்றாது.

ஏமாந்துவிட்டால் எங்கே போவது? கட்டுநரிடம் வாங்கிய புது வீடென்றால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் கட்டுநர் 10 சதவீதத்துக்கு மேல் வாங்குவதே சட்டமீறல். தனிநபரிடம் வாங்கிய பழைய வீட்டுக்கு அந்த ஆணையம் உதவாது. போலிப் பத்திரம், ஆள்மாறாட்டம் என்றால் சென்னையில் வேப்பேரி காவல் ஆணையர் அலுவலகத்தின் மத்தியக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். ஒப்பந்தப்படி எழுதித் தர மறுத்தால் உரிமையியல் நீதிமன்றம்தான். ஒப்பந்தத்தில் குறித்த தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். சமரசம் பேசிக்கொண்டே அந்தக் கெடுவைத் தவறவிட்டால் எந்த வக்கீலாலும் உதவ முடியாது.